ஜே விசை மட்டும் ஏன் தேயவில்லை?

திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு சின்னப் போட்டோகொப்பிக் கடையில் நான் டைப்பிங் செய்கிறேன். விண்ணப்பங்கள், கடிதங்கள், பிள்ளைகளின் ஒப்படைகள் என்று நாள் முழுக்க வேலை இருக்கும். கடையின் பழைய கீபோர்ட்டைத் துடைக்கும்போது ஒருநாள் கவனித்தேன். ஏ, ஈ, என் மூன்றும் அழிந்து வெறும் கறுப்புக் கட்டைகளாக நிற்கின்றன. ஜே மட்டும் வாங்கிய அன்று இருந்தது போலவே பளிச்சென்று இருக்கிறது. இத்தனைக்கும் வலது சுட்டுவிரல் ஓய்வெடுப்பது ஜே மேல்தான். தடவிப் பார்த்தே இடத்தைக் கண்டுபிடிக்க அதில் ஒரு சின்ன மேடுகூட வைத்திருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் ஆயிரம் எழுத்துக்கு ஒன்றிரண்டு தடவை மட்டும் வரும் ஜே, நல்ல பலமுள்ள விரலுக்குக் கீழே. நூறு எழுத்துக்குப் பன்னிரண்டு தடவையாவது வரும் ஈ, எட்டிப் பிடிக்க வேண்டிய மேல் வரிசையில்.

இந்த ஒழுங்கு அமெரிக்காவின் மில்வாக்கியில் கிறிஸ்டோபர் லதாம் ஷோல்ஸ் உருவாக்கிய தட்டச்சுப் பொறியிலிருந்து வந்தது. ரெமிங்டன் நிறுவனம் அதை 1874இல் விற்கத் தொடங்கியது. நடு வரிசையில் டி, எஃப், ஜீ, எச், ஜே, கே, எல் என்று வருவதைப் பாருங்கள். பழைய அகரவரிசையின் மிச்சம் அது. எழுத்துக் கம்பிகள் சிக்கிக்கொள்ளாமல் இருக்க, அடுத்தடுத்து வரும் எழுத்துகளைப் பிரித்து வைத்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். ஆனால் ஆங்கிலத்தில் அடிக்கடி சேர்ந்து வரும் ஈயும் ஆரும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. மோர்ஸ் தந்தியைக் கேட்டு எழுதிய ஊழியர்களின் வசதிக்காகவே ஒழுங்கு படிப்படியாக மாறியது என்று கோய்ச்சி யசுவோகா, மொத்தோகோ யசுவோகா என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011இல் எழுதினார்கள். எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது.

விரல்களின் பக்கமிருந்து யோசித்தவர் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஓகஸ்ட் ட்வொராக். இப்போது அவர் பெயராலேயே ட்வொராக் என்று அழைக்கப்படும் புதிய விசை ஒழுங்குக்கு, வில்லியம் டீலியோடு சேர்ந்து 1936இல் காப்புரிமை பெற்றார். ஆங்கில உயிரெழுத்துகள் ஐந்தையும் நடு வரிசையின் இடப்பக்கம் வைத்து, டி, எச், ரீ, என், எஸ் ஆகியவற்றை வலப்பக்கம் வைத்தார். இரண்டு கைகளும் மாறி மாறி அடிக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். 2006இல் ஷாய் கோல்மன் வெளியிட்ட கோல்மாக் என்ற இன்னொரு ஒழுங்கு, பழக்கத்தை முழுவதும் உடைக்காமல் 17 விசைகளை மட்டும் இடம் மாற்றுகிறது. இசட், எக்ஸ், சி, வி நகராததால் கட், கொப்பி, பேஸ்ட் எல்லாம் பழைய இடத்திலேயே கிடைக்கும்.

நம்முடைய ஊரின் ஆங்கிலப் பெயரையே எடுத்துப் பார்ப்போம். ட்ரிங்கோமலி என்பதில் 11 எழுத்துகள். குவேர்ட்டி என்று சொல்லப்படும் நம் வழக்கமான ஒழுங்கில் நடு வரிசையில் கிடைப்பவை ஏ, எல் இரண்டு மட்டும். ஆறு எழுத்துக்கு மேலே போக வேண்டும், மூன்றுக்குக் கீழே இறங்க வேண்டும். ட்வொராக்கில் ஏழு எழுத்துகள் நடு வரிசையிலேயே இருக்கின்றன, கோல்மாக்கில் எட்டு. ஒரு பெயருக்கே இவ்வளவு என்றால் முப்பது பக்க ஒப்படைக்கு எவ்வளவு என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்குப் புதிய கீபோர்ட் வாங்கத் தேவையில்லை. விசைகளுக்குக் கீழே கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. எந்தச் சந்திப்பு மூடியது என்று ஒரு சின்னச் சிப் ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அது கணினிக்கு அனுப்புவது எழுத்தை அல்ல, இடத்தின் எண்ணை. எஸ் என்று அச்சிட்ட விசையை அழுத்தினால் யூஎஸ்பி வழியே போவது 22. அதை எஸ் என்று படிப்பதா, ட்வொராக்கின் ஓ என்று படிப்பதா, கோல்மாக்கின் ஆர் என்று படிப்பதா என்பதைக் கணினியின் மென்பொருள்தான் முடிவு செய்கிறது. அமைப்புகளுக்குள் போய் ஒன்றை மாற்றினால் போதும், விசையின் மேல் இருக்கும் எழுத்து வெறும் மை.

வேகம் கூடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 1944இல் அமெரிக்கக் கடற்படை செய்த சோதனை ட்வொராக்கைப் புகழ்ந்தது. 1956இல் ஏர்ள் ஸ்ட்ரோங் அரசாங்கத்துக்காகச் செய்த ஆய்வோ, பழகிய தட்டச்சாளர்களை மாற்றுவதில் இலாபம் இல்லை என்றது. என்னுடைய அனுபவம் சின்னது: கோல்மாக்குக்கு மாறி முதல் மூன்று வாரம் எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் அடித்தேன், கடை வேலைக்குப் பழைய ஒழுங்கையே வைத்திருந்தேன். இப்போது என் வேகம் முன்பிருந்த அளவுதான். ஆனால் மாலையில் மணிக்கட்டு முன்னைப்போல் இறுகுவதில்லை. எனக்கு அது பெரிய விஷயம்.

அப்புறம் ஒன்று. நம்மில் பலர் தமிழையும் ஆங்கில எழுத்துகளை வைத்துத்தான் அடிக்கிறோம். ழகரம் வேண்டுமானால் இசட், எச் என்று தட்ட வேண்டும். ஆங்கிலத்தில் இசட் மிக அரிது, அதனால் குவேர்ட்டியும் கோல்மாக்கும் அதை இடக்கைக் கீழ் மூலையில் வைத்திருக்கின்றன, ட்வொராக் வலக்கைக் கீழ் மூலையில். மூன்றில் எதை எடுத்தாலும், தமிழ் என்று எழுதும்போது சுண்டுவிரல் அந்த மூலை வரை போய்த்தான் வருகிறது.