மூன்றாவது படிக்கும் பிள்ளை ஏன் ‘அரும்பு’ குழுவில் இருக்கிறாள்? தொடக்க வகுப்பறையைப் பெற்றோர் பார்க்கும் விதம்

ஜூலை மாதப் பெற்றோர் கூட்டத்தில் தவறாமல் வரும் கேள்விகள் இரண்டு. “எம் பொண்ணு மூணாவது. அவள எதுக்கு ஒண்ணாவது பிள்ளைங்களோட உட்கார வச்சிருக்கீங்க?” என்பது ஒன்று. “நோட்டுல ஒண்ணுமே எழுதலையே டீச்சர், என்னதான் நடக்குது?” என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான கேள்விகள்தான். பதில் சொல்லாமல் விட்டால் பிள்ளையை டியூஷனில் சேர்த்துவிடுவார்கள், அங்கே அவள் புரியாத பாடத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்து எழுதத் தொடங்குவாள்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை இப்போது நடப்பது ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம். கொரோனா காலத்தில் பள்ளி மூடிக் கிடந்ததால் விழுந்த இடைவெளியை அடைக்க 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் இது தொடங்கப்பட்டது. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்பது இலக்கு. அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் இது விரிந்தது. இருபத்தைந்து வயதையொட்டிய இளம் பெற்றோருக்கு அட்டைகளும் ஏணிப்படியுமாக நடந்த செயல்வழிக் கற்றல் நினைவிருக்கும். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி 2007-08இல் மாநிலம் முழுக்கப் போன முறை அது. பிள்ளையை அவள் நிற்கும் இடத்திலிருந்து நகர்த்த வேண்டும் என்ற எண்ணம் அதிலிருந்தே வருகிறது.

ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு மதிப்பீடு நடக்கும். அதில் தெரியும் நிலையை வைத்துப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று குழுக்களாகப் பிரிப்போம். முதல் வகுப்பு அளவுத் திறனே இன்னும் கைவராதவர்கள் அரும்பு. இரண்டாம் வகுப்பு அளவில் இருப்பவர்கள் மொட்டு. மூன்றாம் வகுப்பு அளவுக்கு வந்தவர்கள் மலர். இது பாடத்துக்குப் பாடம் மாறும். தமிழில் மலராக இருப்பவள் ஆங்கிலத்தில் அரும்பாக இருக்கலாம், அதில் வியப்பு ஒன்றும் இல்லை. எழுத்துக்கூட்டவே வராத பிள்ளையிடம் மூன்றாம் வகுப்புப் பாடத்தைக் கொடுத்தால் அவள் கற்றுக்கொள்ளும் ஒரே திறமை, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுவது. பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: இந்தப் பெயரை வைத்து வீட்டில் பிள்ளையைக் கூப்பிடாதீர்கள், அண்ணன் தம்பியோடு ஒப்பிடாதீர்கள். பேச வேண்டியது எங்களிடம்: “எந்தத் திறன் நின்னுபோயிருக்கு, அத எப்படி நகர்த்தப் போறீங்க?”

வகுப்பறைக்குள் வந்தால் முதலில் சுவரைப் பாருங்கள். பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை இருக்கும், அதில் எழுதிப் பழகுவது அவர்கள்தான். தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் அவர்கள் செய்த படங்கள், தாள்கள் தொங்கும். பிள்ளையே தன் வரவைக் குறிக்கும் அட்டவணை, நகம், பல், தலைமுடியைப் பார்க்கும் ஆரோக்கியச் சக்கரம், வானிலை அட்டவணை இவையும் பல பள்ளிகளில் உண்டு. கதைக்களம், பாடல் களம், படைப்புக் களம் என்று மூலைகள் பிரிந்திருக்கும். தொங்கும் தாள்கள் எல்லாம் ஒரே மாதிரி, ஒரே நிறத்தில், பிசிறில்லாமல் இருந்தால் அது டீச்சர் செய்தது. கோணல்மாணலாக இருந்தால் நிம்மதியாக இருங்கள்.

எழுத்தில் எங்கே தடுக்குகிறது

தமிழில் 247 எழுத்து என்றதும் பல வீடுகளில் உயிர்மெய் அட்டவணையைத் தினமும் ஒருமுறை எழுதவைக்கிறார்கள். பிள்ளை க, கா, கி, கீ என்று பாட்டாகச் சொல்லிவிடும். நடுவில் ‘கே’யை மட்டும் தனியாகக் காட்டிப் பாருங்கள். மனதுக்குள் ‘க’விலிருந்து ஓடி வந்துதான் அதைப் பிடிக்கும். அப்படி ஓடிக்கொண்டிருக்கும் வரை வாசிப்பு வராது. வரிசையை உடைத்துக் கேட்பதுதான் சோதனை, அதுதான் பயிற்சியும்.

உயிர்மெய்யில் எல்லாம் ஒரே சுமை இல்லை. துணைக்காலும் (கா) மேல்விலங்கும் (கி) எழுத்துக்குப் பின்னால் வருவதால் சீக்கிரம் பிடிபடும். கொம்பு அப்படியல்ல. ‘கெ’ என்று சொல்லும்போது காதில் முதலில் விழுவது க், பிறகு எ. எழுதும்போதோ கொம்பை முதலில் போட வேண்டும். காதின் வரிசை ஒன்று, கையின் வரிசை வேறு. அதனால் சொல்வதை எழுதும் பிள்ளை கொம்பைப் பின்னால் போடுகிறது. ‘கொ’வில் இரண்டு பக்கமும் குறி, இதில் பின்னால் வரும் காலை மறந்தால் கொடி ‘கெடி’யாகும், தோடு ‘தேடு’ ஆகும். இது கவனக்குறைவு இல்லை, அடித்தால் சரியாகாது. கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு அட்டைகளை வெட்டிக் கொடுத்து அடுக்கச் சொன்னால் பெரும்பாலும் சில நாளில் சரியாகிறது.

உகர வரிசைதான் இன்னும் கடினம். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு சாயல். ஙு, சு, பு, யு, வு இன்னொன்று. ஞு, ணு, து, நு, லு, று, னு மூன்றாவது. ஒரே ஒலிக்கு மூன்று உருவம், ஊகாரத்துக்கு வந்தால் மறுபடி மாறும். இகரத்தை வாரத்தில் முடித்த பிள்ளை உகரத்தில் மாதக்கணக்கில் நிற்பது இயல்பு. புள்ளியும் அப்படித்தான்: அதைத் தவறவிட்டால் ‘பல்’ ‘பல’ ஆகிவிடும். சொல்லின் நடுவே ஒற்று இரட்டிப்பதைக் காதால் கேட்டுப் பிரிக்கவும் பழக்கம் வேண்டும். பாடு, பாட்டு, படு, பட்டு என்று இணையிணையாகச் சொல்லிக் கைதட்டிக் கேட்க வையுங்கள்.

தாத்தா பாட்டி சொல்லித்தரும் வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முன் படித்தவர்கள் ணை, னை, லை, ளை ஆகியவற்றை மேலே சுழித்த பழைய கொம்போடும், ணா, றா, னாவைச் சேர்த்தும் எழுதுவார்கள். பிள்ளைக்கு அது வேறு எழுத்தாகத் தெரியும். கதை சொல்லும் வேலையைப் பாட்டியிடம் விடுங்கள், அதில் அவரை மிஞ்ச எங்களால் முடியாது. எழுத்து மட்டும் புத்தகத்தைப் பார்த்து நடக்கட்டும்.

வீட்டில் ‘வாளப்பளம்’ என்று சொல்லும் பிள்ளை புத்தகத்தில் ‘வாழைப்பழம்’ பார்க்கிறது. பேச்சைத் திருத்தித் திருத்தி வாயை மூட வைக்காதீர்கள். வாசிக்கும்போது மட்டும் எழுத்துக்குரிய ஒலியைச் சொல்லித்தந்தால் போதும். தெலுங்கு, கன்னடம், உருது, இந்தி பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழே இரண்டாவது மொழி. அவர்கள் முதல் சில மாதம் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பதை மந்தம் என்று நினைக்க வேண்டாம்.

பெரும்பாலான பெற்றோரை ஏமாற்றுவது ஒன்று உண்டு: பிள்ளை ‘வாசிக்கும்’ பக்கம். விரல் ஓடும், வாய் சரளமாகச் சொல்லும். படத்தை மூடிவிட்டு மூன்றாவது வரியின் நடுச்சொல்லைக் கேளுங்கள். கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிக் கேளுங்கள். பேருந்துப் பலகையையோ மளிகைப் பொட்டலத்தையோ காட்டுங்கள். அங்கே தடுமாறினால் அது வாசிப்பு இல்லை, மனப்பாடம்.

கணக்கு

நூறு வரை எண்ணத் தெரியும் என்று பெருமையாகச் சொல்வார்கள். தரையில் புளியங்கொட்டையைக் கொட்டிப் பதின்மூன்று எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சில பிள்ளைகள் ஒரே கொட்டையை இரண்டு முறை தொடும், சில பதின்மூன்றில் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். எண்ணுப்பெயரைச் சொல்வதும் அளவைப் பிடிப்பதும் தனித்தனித் திறன்கள்.

நூற்று ஐந்தை 1005 என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளை கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறது: நூறு, பிறகு ஐந்து. தொண்ணூற்றொன்றும் நூற்றொன்றும் ஒலியில் நெருக்கமாக இருப்பதால் அங்கேயும் தடுமாற்றம் வரும். இதற்கு மருந்து ஈர்க்குச்சி. தென்னை விளக்குமாற்றிலிருந்து குச்சிகளை ஒடித்துப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். பத்துக் கட்டு சேர்ந்தால் ஒரு பெரிய கட்டு. நூற்று ஐந்து என்றால் ஒரு பெரிய கட்டு, சிறிய கட்டு ஒன்றும் இல்லை, உதிரி ஐந்து. அந்த ‘ஒன்றும் இல்லை’ என்ற இடத்தில் சுழியம் ஏன் நிற்கிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிள்ளை மறக்காது.

கழித்தலில் அடிக்கடி வரும் பிழை: 52இல் 27 போக 35. விடை தவறு, ஆனால் காரணம் இருக்கிறது. 2இல் 7 போகாது என்பதால் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிட்டது. ‘கடன் வாங்கு’ என்று நாம் சொல்லித்தருவதைப் பிள்ளை மந்திரமாக முணுமுணுக்கும், யாரிடம் எதை வாங்குகிறோம் என்று அதற்குத் தெரியாது. ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் வையுங்கள். ஒரு கட்டைப் பிரித்தால் உதிரி பன்னிரண்டு. ஏழை எடுத்தால் ஐந்து மிச்சம். நாலு கட்டில் இரண்டை எடுத்தால் இரண்டு. விடை 25. கையால் செய்து பழகிய பிறகே தாளுக்கு வர வேண்டும். பதினாறாம் வாய்ப்பாடு வரை ஒப்பிக்க வைப்பதில் எங்களுக்கு ஆர்வம் இல்லை. நாலு வரிசையில் ஆறு ஆறாகக் கொட்டை அடுக்கத் தெரிந்தால் அதுவே பெருக்கல்.

ஆங்கிலத்தைப் பற்றிச் சுருக்கமாக: எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. ‘ஏ, பி, சி’ பாட்டோடு ஒவ்வொரு எழுத்தும் எழுப்பும் ஒலியையும் பள்ளியில் சொல்லித்தருகிறோம். சொல்லுக்கு எழுத்துக்கூட்டி ஒப்பிக்கச் சொல்லி வீட்டில் நெருக்காதீர்கள்.

நோட்டும் கிரேடும்

ஒன்றாம் வகுப்புக்கு வரும் ஐந்து வயதுப் பிள்ளையின் விரல்கள் பென்சிலைப் பிடிக்கவே இன்னும் பழகிக்கொண்டிருக்கும். மூன்று விரலால் பிடிக்காமல் முஷ்டியாகப் பிடித்தால், எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி விழுந்தால், பயப்பட வேண்டாம். களிமண் உருட்டுதல், மணி கோத்தல், மணலில் எழுதுதல் எல்லாம் அந்த விரலுக்கான வேலைதான். நோட்டில் அவை பதிவாகாது. பயிற்சி நூலைத் திறந்து பாருங்கள். அதில் சில பக்கங்கள் காலியாக இருந்தால் பிள்ளையின் நிலைக்கு இன்னும் வராத பக்கமாக இருக்கலாம், அல்லது அன்று பிள்ளை பள்ளிக்கு வராமல் இருந்திருக்கலாம். இரண்டாவது காரணத்தை வருகைப் பதிவேட்டோடு ஒத்துப் பாருங்கள். ஊர்த் திருவிழாவுக்கு ஒரு வாரம் விடுப்பு எடுத்தால் ஒரு எழுத்து வரிசையே போய்விடுகிறது.

ஆண்டு மூன்று பருவங்களாக நடக்கிறது. பருவந்தோறும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. வளரறி என்பது வகுப்பில் நடக்கும் செயல்பாடுகளையும் சிறு தேர்வுகளையும் வைத்துப் பார்ப்பது, தொகுத்தறி என்பது பருவ முடிவில் நடக்கும் தேர்வு. இரண்டையும் கூட்டி 91 அல்லது அதற்கு மேல் வந்தால் ஏ1 கிரேடு. கூட்டுத்தொகையை மட்டும் பார்க்காதீர்கள். நாற்பதில் நல்ல மதிப்பெண்ணும் அறுபதில் குறைவும் வாங்கும் பிள்ளைக்குப் பாடம் தெரிகிறது, வினாத்தாளை வாசிக்கத்தான் திணறுகிறது. நேர்மாறாக இருந்தால் வகுப்பில் வாய் திறப்பதில்லை என்று பொருள். அந்த இரண்டு எண்களைத் தனித்தனியாகக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

வீட்டில் இருபது நிமிடம் போதும். பத்து நிமிடம் பிள்ளை உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும், உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்க முடியும். மீதிப் பத்து நிமிடம் கடைக்கணக்கு: இருபது ரூபாய் கொடுத்துப் பதின்மூன்று ரூபாய்க்கு வாங்கினால் மீதி எவ்வளவு. சில்லறையைக் கையில் கொடுத்தே கேளுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் விதி, உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். கழிப்பறை, குடிநீர், ஆசிரியர் பற்றாக்குறை எல்லாம் அங்கே பேச வேண்டியவை. பிள்ளையை அடிப்பதும் மனம் நோகத் திட்டுவதும் அதே சட்டத்தின் 17ஆம் பிரிவில் தடை செய்யப்பட்டுள்ளன. “நாலு போடு போட்டாவது படிக்க வைங்க டீச்சர்” என்று நீங்களே அனுமதி கொடுத்தாலும் அது செல்லாது. பள்ளியில் தீராத குறைகளுக்கு 14417 என்ற கல்வி உதவி எண் இருக்கிறது.

ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். கரும்பலகையில் இருப்பதைத் தப்புத் தப்பாக எழுதும் பிள்ளை அதையே புத்தகத்தில் பக்கத்தில் வைத்துச் சரியாக வாசிக்கிறதா என்று பாருங்கள். வாசித்தால் குறை படிப்பில் இல்லை, கண்ணில் இருக்கலாம். பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காதைப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு கண், காது, பல், எடை எல்லாம் பார்க்கும். அவர்கள் கொடுக்கும் பரிந்துரைச் சீட்டு பெரும்பாலும் பிள்ளையின் பைக்குள்ளேயே கிடந்து கிழிந்துபோகிறது. அதைக் கேட்டு வாங்கி, அதில் எழுதியிருக்கும் அரசு மருத்துவமனைக்கு அந்த வாரமே அழைத்துப் போங்கள். கண்ணாடி வந்த பிறகு முதல் வரிசையில் இடம் கேளுங்கள், தருவோம்.