சிவனொளிபாதமலையில் சூரியனுக்கு முதுகைக் காட்டுங்கள்

இலங்கையின் சிவனொளிபாதமலைக்கு ஏறுகிறவர்கள் பெரும்பாலும் நள்ளிரவு தாண்டி நல்லதண்ணியில் கிளம்பி, 5,000க்கும் மேற்பட்ட படிகளில் முழங்காலை ஒரு வழியாக்கி, விடியும் முன் 2,243 மீட்டர் உச்சியில் குளிரில் நடுங்கியபடி கிழக்கே பார்த்து நிற்பார்கள். சூரியன் தலைகாட்டியதும் அப்படியே திரும்பி மேற்குப் பக்கம் போய்விடுங்கள். சூரியோதயம் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். மேற்கே மலையின் நிழல், அளவுகோல் வைத்து வரைந்த மாதிரி ஒரு முக்கோணமாக, தரையில் கிடக்காமல் எழுந்து நிற்கும்.

உச்சிப் பாறையில் உள்ள பாதச்சுவடு பௌத்தர்களுக்குப் புத்தருடையது, சைவர்களுக்குச் சிவனுடையது, இஸ்லாமிய மரபில் ஆதமுடையது. மணிமேகலை இந்த மலையைச் 'சமனொளி' என்கிறது. 1344இல் ஏறிய மொரோக்கோப் பயணி இப்னு பதூதா, பாறையில் பிடித்து ஏறச் சங்கிலிகள் இருந்ததை எழுதியிருக்கிறார். இவ்வளவு கதை சேர்ந்த மலையின் நிழலும் இப்படி விழுந்தால், தெய்வச் செயல் என்று நினைக்காமல் என்ன செய்வார்கள்?

ஆனால் முக்கோணத்துக்கும் மலையின் கூம்பு வடிவத்துக்கும் பெரிய சம்பந்தமில்லை. தண்டவாளத்தின் நடுவே நின்றால் இரண்டு கம்பிகளும் தூரத்தில் ஒன்று சேர்வதுபோலத் தெரியும் இல்லையா, அதேதான். நிழலின் இரு ஓரங்களும் உங்களை விட்டு விலகிப் பல கிலோமீட்டர் ஓடுகின்றன, நீங்கள் நிற்பதோ நிழல் புறப்படும் இடத்திலேயே. அதனால் அவை சூரியனுக்கு நேர் எதிரே ஒரு புள்ளியில் கூடுகிற மாதிரி தெரியும். ஜப்பானின் ஃபூஜி, கனரித் தீவுகளின் டெய்டே என்று எந்தப் பெரிய மலையின் உச்சியிலிருந்து பார்த்தாலும் முக்கோணம்தான், உச்சி தட்டையாக இருந்தாலும் சரி.

கையை ஆட்டினால் நிழலில் தெரியுமா? தெரியாது. சூரியன் ஒரு புள்ளியல்ல, அரைப் பாகை அகலமுள்ள வட்டு. அதனால் எந்தப் பொருளின் முழு நிழலும் போகப் போக ஒடுங்கும், சுமார் 107 மீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம். அரை மீட்டர் அகலமுள்ள உங்கள் தோளின் நிழல் ஐம்பது சொச்சம் மீட்டரிலேயே கரைந்துவிடும். உச்சியில் உள்ள கோயிலின் வடிவமும் தூரம் போகப் போக மங்கி, கடைசியில் மலையின் முரட்டு உருவம் மட்டும்தான் மிஞ்சும்.

சரி, ஏன் எழுந்து நிற்கிறது? 1876இல் ஒருவர் இதைக் கானல்நீர் போன்ற ஒளிவிலகல் என்று விளக்கினார். 1886இல் ரால்ஃப் அபர்குரோம்பி என்ற வானிலை ஆய்வாளர் உச்சியிலேயே இரவு தங்கிப் பார்த்து, அதெல்லாம் இல்லை, நிழல் விழுவது மூடுபனியின் மீது என்று முடிவு சொன்னார். நிழல் என்றதும் நாம் தரையில் உள்ள கறையை நினைக்கிறோம், உண்மையில் அது காற்றுக்குள் நீளும் ஒரு இருண்ட கன உருவம். பனியும் தூசியும் திரையாகிவிடுகின்றன. இவ்வளவு உயரத்திலிருந்து கடலின் அடிவானம் கண்மட்டத்துக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பாகை கீழே இருக்கும். சூரியன் கண்மட்டத்தில் இருக்கும்போது நிழலின் நுனியும் கண்மட்டத்தில்தான், அதாவது அடிவானத்துக்கு மேலே, ஆகாயத்தில்.

ரொம்ப நேரம் நிற்காது. இங்கே சூரியன் நாலு நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் ஏறுவதால், அடுத்த ஐந்தாறு நிமிடத்தில் நுனி அடிவானத்துக்கு இறங்கிவிடும். சூரியன் 5 பாகை ஏறினால், கடல்மட்டம் வரை கணக்கிட்டு, நிழல் சுமார் 25 கிலோமீட்டர். 10 பாகையில் அதில் பாதி. மூடுபனி நெருக்கமாக இருந்தால் நுனியைச் சுற்றி ஒரு நிற வளையமும் தெரியலாம், அபர்குரோம்பிக்குத் தெரிந்தது. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரைதான் யாத்திரைக் காலம், வானம் திறந்திருக்க வாய்ப்பும் அப்போதுதான் அதிகம். எத்தனையாவது தடவை ஏறுகிறீர்களோ அத்தனை முறை மணியடிப்பது அங்கே வழக்கம், அதை நிழல் கலைந்த பிறகு நிதானமாக அடித்துக்கொள்ளலாம்.