கிருமிக்குள் ஒரு கிருமி

டிப்தீரியா நோயின் பாக்டீரியாவைத் தடவி, கிருமியைக் கண்ணுக்குக் காட்டும் ஆல்பர்ட் சாயம் போட்ட கண்ணாடிச் சில்லை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் மெல்லிய பச்சைக் குச்சிகள் தெரியும். குச்சிகளின் முனையில் கருநீலப் பொட்டு. செல் இரண்டாகப் பிரியும்போது முழுக்கப் பிரியாமல், பாதி முறிந்த தீக்குச்சி மாதிரி மடங்கி நிற்கும். அப்படிப் பல குச்சிகள் கிடப்பதைப் பார்த்துத்தான் ‘சீன எழுத்து’ என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. ஒரு முனை தடித்திருப்பதால் கிரேக்க மொழியில் கதாயுதத்தைக் குறிக்கும் ‘கோரினே’ என்ற சொல்லை எடுத்து கோரினிபாக்டீரியம் என்று பெயர் வைத்தார்கள்.

இந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை பரம சாதுக்கள். நம் தோலிலும் மூக்கிலும் குடியிருந்துகொண்டு யாருக்கும் தொந்தரவில்லாமல் பிழைக்கின்றன. அஜினோமோட்டோ தயாரிக்க உதவும் பாக்டீரியாவும் இதே குடும்பம்தான். கெட்ட பெயர் வாங்கித் தந்தது முக்கியமாக ஒன்று: டிப்தீரியா. நம் ஊரில் தொண்டை அடைப்பான்.

நோய் முற்றிய குழந்தையின் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் தோல் போல ஒரு படலம் தெரியும். செத்த செல்கள், ரத்த நார்ப்பொருள், கிருமிகள் எல்லாம் சேர்ந்து இறுகியது அது. பிய்த்தால் ரத்தம் வரும். கழுத்து வீங்கி மாட்டின் கழுத்து போல ஆகிவிடும். படலம் மூச்சுக்குழாயை அடைத்தால் மூச்சு நிற்கும். அதிலிருந்து தப்பிய சில குழந்தைகள், தொண்டை தேறிவரும் நேரத்தில் இதயம் பழுதாகி இறந்துபோவார்கள்.

தொண்டையில் இருக்கும் கிருமி இதயத்தை எப்படித் தொட்டது? 1884இல் ஜெர்மனியின் ஃபிரெடரிக் லோஃப்லர் இந்தக் கிருமியைத் தனியே பிரித்து கினிப்பன்றிகளுக்கு ஊசி போட்டார். உள்ளுறுப்புகள் கெட்டுப்போயிருந்தன, கிருமியோ ஊசி குத்திய இடத்தைத் தாண்டவே இல்லை. இன்னொரு சங்கடமும் அவருக்கு வந்தது. நோயே இல்லாத ஒரு குழந்தையின் தொண்டையிலும் அதே கிருமி இருந்தது. இரண்டையும் மறைக்காமல் எழுதிவைத்தார். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

முதல் புதிர் 1888இல் அவிழ்ந்தது. பாரிஸில் எமில் ரூவும் அலெக்சாந்தர் எர்சினும் கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத தண்ணீரை விலங்குகளுக்குச் செலுத்தினார்கள். அவையும் செத்தன. கொல்வது கிருமி விடும் நஞ்சு. அது ரத்தத்தில் ஏறிப் பயணம் போகிறது.

இரண்டாம் புதிர் 1951 வரை காத்திருந்தது. பாக்டீரியாவையும் வைரஸ்கள் தாக்கும். சாதுவான டிப்தீரியா கிருமிக்குள் ஒரு குறிப்பிட்ட வைரஸ் புகுந்ததும் அது நஞ்சு சுரக்கத் தொடங்குகிறது என்று அமெரிக்காவில் விக்டர் ஃப்ரீமன் காட்டினார். நஞ்சுக்கான மரபணு வைரஸினுடையது. அந்த வைரஸ் தொற்றாத கிருமி தொண்டையில் இருந்தாலும் இந்த நஞ்சைச் சுரக்காது. சுவிட்ச் மட்டும் பாக்டீரியாவின் கையில்: சுற்றிலும் இரும்புச்சத்து குறைந்தால்தான் மரபணு வேலையைத் தொடங்கும். நம் உடலோ இரும்பைப் புரதங்களில் கட்டிப் பூட்டியே வைத்திருக்கிறது, அதனால் உள்ளே வந்த கிருமியின் சுவிட்ச் தானே விழுந்துவிடும்.

சரி, நஞ்சு என்ன செய்கிறது? கைத்தறியில் நெய்த துணியை நெசவாளர் அவ்வப்போது முன்கட்டையில் சுற்றி இழுத்துக்கொள்வார். இழுக்காவிட்டால் மேலே நெய்ய இடமிருக்காது. செல்லுக்குள் புரதம் நெய்யும் ரைபோசோமிலும் அப்படி ஒரு அடி நகர்த்திவிடும் உதவியாள் ஒருவர் உண்டு. நஞ்சின் ஒரு பாதி செல்லின் கதவைத் திறக்கிறது. மறுபாதி உள்ளே போய் அந்த உதவியாளின் கையைக் கட்டிப்போடுகிறது. தறி நிற்கும், செல் சாகும். அத்தோடு ஓயாமல் அடுத்த ஆளைக் கட்டப் போய்விடுவதால், ஒரே ஒரு மூலக்கூறு உள்ளே நுழைந்தாலே ஒரு செல்லுக்குப் போதும்.

செல்லுக்குள் போய்விட்ட நஞ்சை எந்த மருந்தாலும் மீட்க முடியாது. நஞ்சுமுறி ரத்தத்தில் திரிவதை மட்டுமே பிடிக்கும். அதனால்தான் சந்தேகம் வந்தவுடன், பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் அதைக் கொடுக்கிறார்கள்.

அதே வைரஸ் வேறொரு உறவுக்கார பாக்டீரியாவுக்குள்ளும் புகுந்துகொள்ளும். கோரினிபாக்டீரியம் அல்சரன்ஸ் என்ற அது மாட்டின் மடியில் இருக்கும். காய்ச்சாத பால் வழியாக மனிதருக்கு வந்திருக்கிறது. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இப்போது வீட்டு நாய், பூனைகளிடமிருந்து தொற்றுகிறது. நோய் பார்க்க அச்சு அசல் டிப்தீரியாதான்.

ஆடுகளுக்கு வருவது தனி ரகம். கோரினிபாக்டீரியம் சூடோடியூபர்குலோசிஸ் சிராய்ப்பு வழியாக உள்ளே போகும். அதன் சொந்த நஞ்சு ரத்தக்குழாய்ச் சுவரின் கொழுப்பை உடைத்துக் கசிய வைக்கிறது. கசிவோடு சேர்ந்து கிருமி, நெறி கட்டும் இடமான நிணநீர்க் கணுவுக்குப் போய்ச்சேர, தாடைக்குக் கீழோ தோளுக்கு முன்னாலோ வலியில்லாத கட்டி எழும்பும். செம்மறியின் முற்றிய கட்டியைக் குறுக்கே வெட்டினால் வெங்காயம் போல அடுக்கடுக்காக, பச்சை கலந்த வெள்ளையில் சீழ் இறுகியிருக்கும். கெட்டியான உறை இருப்பதால் ஆன்டிபயாட்டிக் உள்ளே சரியாகப் போகாது. கட்டி பட்டியில் உடைந்தால் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து அடுத்த ஆட்டைப் பிடிக்கும். ஆகவே கட்டி பழுக்கும் முன்பே ஆட்டைத் தனியே கட்ட வேண்டும். கையுறை இல்லாமல் பிதுக்கக் கூடாது. ரோமம் கத்தரிப்பவர்களுக்கும் இறைச்சிக்கூடத்தில் வேலை செய்பவர்களுக்கும் இது தொற்றியிருக்கிறது.

மீண்டும் தொண்டைக்கு வருவோம். நம் குழந்தைகளுக்கு 6, 10, 14 வாரங்களில் போடும் தடுப்பூசியில் இருப்பது ஃபார்மலின் என்ற வேதிப்பொருளால் பல் பிடுங்கப்பட்ட நஞ்சு. அது நஞ்சைத்தான் எதிர்க்கக் கற்றுத்தருகிறது. கிருமி தொண்டையில் குடியேறுவதை முழுக்கத் தடுக்காது. பாதுகாப்பும் வருடங்கள் போகப் போகக் குறையும். அதனால்தான் ஒன்றரை வயதிலும் 5 வயதிலும், அப்புறம் 10, 16 வயதுகளிலும் மறுபடி ஊசி. சோவியத் ஒன்றியம் உடைந்த 1990களில் அங்கே தடுப்பூசி தளர்ந்தபோது ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் நோயில் விழுந்தார்கள். அவர்களில் பெரியவர்கள் ஏராளம்.

அந்த ஊசிக்கான நஞ்சைப் பல தொழிற்சாலைகள் இன்றும் ஒரே வம்சத்துக் கிருமியிடமிருந்து எடுக்கின்றன. 1890களில் நியூயார்க்கில், லேசாகத் தொண்டை நொந்த ஒரு நோயாளியிடமிருந்து ஆனா வில்லியம்ஸ் என்ற மருத்துவர் பிரித்தெடுத்தது அது. மிச்சக் கிருமிகளைவிடப் பல மடங்கு நஞ்சு சுரந்தது. உள்ளே அந்த வைரஸ் இருந்ததை அப்போது யாரும் அறியவில்லை.