கச்சான் அடித்த இரவில் காணாமல் போன அளவுகள்

மண்டபத்துத் தென்கடலில், கரையிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில், மஞ்சள் மிதவை ஒன்றைக் கட்டி விட்டிருந்தோம். உள்ளே அசைவின் முடுக்கத்தை அளக்கும், விரல் நகத்தைவிடச் சிறிய முடுக்கமானி என்ற சென்சார், லினக்ஸ் ஓடும் ஒரு சின்ன போர்டு, சிம் போட்ட மோடம், மேலே சோலார் தகடு. அலை எவ்வளவு உயரம், எத்தனை விநாடிக்கு ஒன்று வருகிறது என்று கணக்கிட்டு 20 நிமிடத்துக்கு ஒருமுறை அது கரைக்கு அனுப்ப வேண்டும். சென்சாரோடு பேசி அளவுகளை வாங்கித் தரும் டிரைவரையும் அதிலிருந்து படிக்கும் நிரலையும் எழுதியது நான்தான்.

ஆனி மாதம். கச்சான் காற்று இரண்டு நாளாக விடாமல் அடித்தது. காலையில் கரைக்குப் போனபோது, வல்லம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் கேட்டார்: "தம்பி, ராத்திரி கடல் அந்தப் போடு போட்டுச்சு. நங்கூரக் கயிறு அத்துக்கிட்டு ரெண்டு வல்லம் கரையில ஏறிக் கிடக்கு. உங்க மெஷின் மட்டும் அலை அறுபது சென்டிமீட்டர்தான்னு சொல்லுதே, எப்படி?"

என்னிடம் பதில் இல்லை. வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். கோடு எங்கும் அறுபடாமல் போயிருந்தது. அந்தக் கோட்டை நம்பியதுதான் தவறு என்று புரிய எனக்கு மூன்று வாரம் ஆனது. சென்சார் வைத்து வேலை செய்யும் இளம் பொறியாளர்களுக்கும், இப்படிப்பட்ட கருவிகளை வாங்குபவர்களுக்கும் அந்த மூன்று வாரம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சென்சார் விநாடிக்கு 100 முறை அளக்கிறது. 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை நிரல் வந்து நின்று வாங்கிக்கொள்ள முடியாது, அதற்கு வேறு வேலைகள் உண்டு. அதனால் நடுவில் அளவுகள் காத்திருக்கும் இடமாக பஃபர் இருக்கிறது, அதுவும் இரண்டு. முதலாவது சிப்புக்குள்ளேயே. ஏடிஎக்ஸ்எல்345 என்ற முடுக்கமானியில் 32 அளவுகள் நிற்க இடம் உண்டு. 100 வேகத்தில் அது 0.32 விநாடி. இரண்டாவது, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில். லினக்ஸில் சென்சார்களுக்கென்றே ஐஐஓ என்ற பகுதி இருக்கிறது. டிரைவர் சிப்பிலிருந்து அள்ளியதை அங்குள்ள வரிசையில் போடும், நிரல் ஒரு கோப்பைப் படிப்பதுபோல அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். எத்தனை சேர்ந்ததும் நிரலை எழுப்புவது என்பதையும் நாமே சொல்லலாம். ஒவ்வொன்றுக்கும் எழுப்பினால் பிராசஸர் தூங்கவே முடியாது, பேட்டரி தாங்காது. 16 சேர்ந்ததும் எழுப்பு என்றால் விநாடிக்கு ஆறு முறை போதும். இதுவரை சரியாகத்தான் செய்திருந்தேன். கர்னல் வரிசையின் நீளத்தை மட்டும் 128 என்று வைத்திருந்தேன், அதாவது 1.28 விநாடி.

இறங்குதளத்தில் ஐஸ் பெட்டி நிறைந்த பிறகும் மீன் இறங்கிக்கொண்டே இருந்தால் எல்லோருக்கும் தெரியும், தரையில் கிடக்கும். பஃபர் நிறைந்தால் தரையில் எதுவும் கிடக்காது. ஐஐஓவின் வழக்கமான வரிசை, இடமில்லாதபோது புதிய அளவை ஏற்காமல் டிரைவரிடம் ஒரு பிழை எண்ணைத் திருப்பித் தரும். பல டிரைவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. என்னுடையதும் பார்க்கவில்லை. சிப்புக்குள் கதை கொஞ்சம் வேறு. ஸ்ட்ரீம் முறையில் பழையது போய்ப் புதியது உட்காரும், ஃபிஃபோ முறையில் நிறைந்ததும் சேர்ப்பது நின்றுவிடும். வழிந்துவிட்டது என்பதற்கு ஒரு பிட் எழும். டிரைவர் அதைப் படித்தால்தான் உண்டு.

சரி, ஏன் அந்த இரவில் மட்டும்? அலை ஒரு வரம்பைத் தாண்டினால் மூல அளவுகளை எல்லாம் மெமரி கார்டில் எழுது, கரைக்கு உடனே தகவல் அனுப்பு என்று நிரலில் வைத்திருந்தேன். பஃபரைப் படிப்பதும், கார்டில் எழுதுவதும், மோடத்தோடு பேசுவதும் ஒரே இழையில், அதாவது ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்ற ஒற்றை ஓட்டத்தில், அடுத்தடுத்து நடந்தன. மெமரி கார்டு சில சமயம் உள்ளே இடம் ஒதுக்கிச் சரிசெய்யும்போது எழுத்தை ஒரு விநாடிக்கும் மேலாக நிறுத்தி வைக்கும். மிதவை ஆடும்போது மோடத்துக்கும் சிக்னல் விட்டுவிட்டு வரும். நிரல் இரண்டேகால் விநாடி போல அங்கே மாட்டிக்கொண்டால், 1.28 விநாடி போக மீதி ஏறக்குறைய ஒரு விநாடி அளவுகள் போயே போய்விடும். கடல் அமைதியாக இருந்த நாட்களில் இந்தச் சுமையே கிடையாது. எந்த நேரத்துக்காக மிதவையைக் கட்டினோமோ அந்த நேரத்தில்தான் அது கோட்டை விட்டது.

இன்னொன்றையும் சேர்த்துச் செய்திருந்தேன். இடம் மிச்சப்படுத்த, ஒவ்வொரு அளவும் எடுத்த நேரத்தைக் குறிக்கும் டைம்ஸ்டாம்பைச் சேமிக்கவில்லை. நூறு அளவு என்றால் ஒரு விநாடி என்று எண்ணிக்கையை வைத்தே நேரத்தைக் கணக்கிட்டேன். அதனால் இடையில் அறுந்த இடம் ஒட்டிக்கொண்டது. 5 விநாடி அலையில் ஒரு விநாடி காணாமல் போனால் கணக்குக்கு அது 4 விநாடி அலை. முடுக்கத்திலிருந்து உயரம் எடுக்கும்போது அலைக்காலத்தின் வர்க்கம் வருகிறது. 4/5-ன் வர்க்கம் 0.64. ஒரு மீட்டர் அலை 64 சென்டிமீட்டராகத் தெரிந்தது இப்படித்தான்.

இதை ஊகமாக விட மனம் வரவில்லை. பழைய சைக்கிள் சக்கரத்தை நிமிர்த்தி நிறுத்தி, கியர் மோட்டார் போட்டு 5 விநாடிக்கு ஒரு சுற்று சுற்ற வைத்து, விளிம்பில் சென்சாரைக் கட்டினேன். புவியீர்ப்பு ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை மேலும் கீழுமாகத் தெரியும், அதுவே நமக்கு அலை. சும்மா விட்டால் 5 விநாடி காட்டியது. கார்டில் வேறொரு நிரலை வைத்து எழுத்துச் சுமை கொடுத்ததும் 4, 4.3 என்று சொல்ல ஆரம்பித்தது. சக்கரம் மாறாமல் சுற்றிக்கொண்டிருந்தது. டிரைவரை வெறும் மேசையில் மட்டும் சோதிக்காதீர்கள், சுமையோடு சோதியுங்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதற்காகத்தான்.

திருத்தம் பெரிதில்லை. படிப்பதற்குத் தனி இழை. அது எடுத்து நினைவகத்தில் வைப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாது. எழுதுவதும் அனுப்புவதும் இன்னொரு இழை. வரிசை நீளம் 2048, இருபது விநாடி தாங்கும். ஓர் அளவுக்கு மூன்று அச்சுக்கும் சேர்த்து 6 பைட், டைம்ஸ்டாம்ப் 8 பைட். ஆனால் டைம்ஸ்டாம்ப் எட்டின் மடங்கில்தான் தொடங்க வேண்டும் என்பதால் நடுவில் 2 பைட் காலி, மொத்தம் 16. (14 என்று நினைத்துப் படித்தால் எண்கள் கண்டபடி வரும். அந்தக் காலி பைட்டுகளை டிரைவர் பூஜ்ஜியமாக்காமல் விட்டால் கர்னல் நினைவகத்தில் கிடந்தது வெளியே கசியும், அதையும் கவனியுங்கள்.) முழு வரிசைக்கும் 32 கிலோபைட்தான். இதற்காகவா 128 வைத்தேன் என்று இன்றும் வருத்தமாக இருக்கிறது.

டைம்ஸ்டாம்புக்கு எந்தக் கடிகாரம் என்பதும் முக்கியம். ஐஐஓ வழக்கமாகச் சுவர்க்கடிகார நேரத்தைப் போடும். பேட்டரிக் கடிகாரம் இல்லாத போர்டு நேரம் தெரியாமல் 1970 என்று நினைத்து விழித்து, நெட்வொர்க் கிடைத்ததும் இன்றைக்குத் தாவும். பின்னோக்கிப் போகாத மோனோடோனிக் கடிகாரத்துக்கு மாற்றிவிடுங்கள். அப்புறம், சிப்பிலிருந்து மொத்தமாக அள்ளும்போது 16 அளவுக்கும் ஒரே நேரத்தைப் போட்டுவிடாமல், டிரைவர் அதைப் பின்னோக்கிப் பிரித்துப் போட வேண்டும்.

இந்தக் கரையில் எண்ணைப் பார்த்துத்தான் பல முடிவுகள் நடக்கின்றன. பாம்பன் துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏறியிருக்கிறது என்று பார்த்துத்தான் படகு போகிறது. பாம்பன் பாலத்தில் காற்றுமானி வரம்பைத் தாண்டினால் ரயிலுக்குச் சிக்னல் கிடைக்காது. கருவி வாங்குபவர்கள் விற்பவரிடம் கேளுங்கள்: அளவு தவறினால் எங்கே பதிவாகும்? மூல அளவும் நேரமும் எனக்குக் கிடைக்குமா? சென்சாரின் துல்லியத்தைப் பற்றி நிறையச் சொல்வார்கள், இதற்கும் பதில் வாங்காமல் விடாதீர்கள்.

இப்போது எங்கள் மிதவையில் இரண்டு அளவுகளுக்கு நடுவே 15 மில்லி விநாடிக்கு மேல் இடைவெளி விழுந்தால் அந்த 20 நிமிடத்துக்கு உயரம் போடுவதில்லை, 'அளவு இல்லை' என்று மட்டும் போகும். போன மாதம் ஒரு சாயங்காலம் அப்படி இரண்டு முறை வந்தது. பெரியவர் போன் செய்தார். "தம்பி, மெஷினுக்கு என்ன ஆச்சு?" அளவு விட்டுப்போய்விட்டது, அதனால் சொல்ல முடியவில்லை என்றேன். "சரி, அப்ப நான் கடலையே பார்த்துக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.