முதலில் அடித்தது யார்? பஸர் சுற்றுக்குள் நடப்பவை

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை என்று எந்த ஊர்ப் பாடசாலையில் வினாடி வினா நடந்தாலும், முதலில் பொத்தானை அழுத்தும் அணிக்கே விடை சொல்லும் வாய்ப்புள்ள பஸர் சுற்று வந்ததும் ஒரு வாக்குவாதம் நிச்சயம். "நாங்கதான் சேர் மொதல்ல அடிச்சோம்!" என்று இரண்டு மேசையிலிருந்தும் குரல் வரும். நடுவர் ஏதோ ஒரு முடிவைச் சொல்வார், ஓர் அணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். தொலைக்காட்சியில் உயர்தர மாணவர் அணிகள் மோதும்போது இதெல்லாம் இல்லை, ஒரே ஒரு விளக்கு எரியும், ஆட்டம் நகர்ந்துவிடும். அந்த விளக்கை எரியவைப்பது எது, அதன் தீர்ப்பை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தெரிந்துகொண்டால், நம் பிள்ளைகளை எதில் பழக்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

கருவியிலிருந்து தொடங்கலாம். பழைய முறை ரிலே. மின்காந்தம் இழுக்க, மூடித் திறக்கும் சுவிட்ச் அது. வாகனத்தில் ஹோர்னுக்கும் ஹெட்லைட்டுக்கும் போடும் அதே வகைதான், தொடுகைகள் மட்டும் கூடுதல். ஒவ்வோர் அணிக்கும் ஒரு ரிலே. ஓர் அணியின் பொத்தானிலிருந்து கிளம்பும் மின்னோட்டம், மற்ற அணிகளின் ரிலேக்களில் மூடியிருக்கும் தொடுகைகளைத் தாண்டித்தான் தன் ரிலேயின் சுருளுக்கு வரமுடியும். முதலில் அழுத்திய அணியின் ரிலே இழுபட்டதும் மற்றவர்களின் வழி அறுந்துவிடுகிறது. கூடவே அது தன் இன்னொரு தொடுகை வழியாகத் தனக்குத்தானே மின்னைக் கொடுத்துக்கொள்வதால், பிள்ளை கையை எடுத்தாலும் விளக்கு அணையாது. ஒரே கதவுள்ள அறைக்குள் முதலில் நுழைந்தவர் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்வது மாதிரி. நடுவர் தன் பொத்தானால் மின்னை ஒரு கணம் நிறுத்தினால்தான் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும்.

பிரச்சினை என்னவென்றால், ரிலேக்குள் ஒரு சின்ன இரும்புத் தகடு நிஜமாகவே அசைய வேண்டியிருக்கிறது. அதற்கு ஏறத்தாழ 5 முதல் 15 மில்லிசெக்கன் வரை பிடிக்கும். (ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்லிசெக்கன்.) அந்த இடைவெளிக்குள் இன்னோர் அணியும் அழுத்திவிட்டால் இரண்டு ரிலேயும் இழுபடும். இழுபட்டதும் ஒன்றின் வழியை மற்றது அறுக்கும், இரண்டும் விழும், மறுபடி இழுபடும். 'கிர்ர்' என்று ஒரு சத்தத்தோடு இரண்டு விளக்கும் மினுங்கும். கடைசியில் வெல்வது எந்த ரிலே சற்று வேகமானதோ அது. அப்போது இரண்டு அணியும் "நாங்கதான்" என்று சொன்னால், இரண்டு பேர் சொல்வதும் பொய்யில்லை.

இப்போது பல பாடசாலைகளில் தகவல் தொழில்நுட்பப் பிள்ளைகளே ஆர்டுயினோ என்ற, நிரல் எழுதி இயக்கும் சிறிய மின்னணுப் பலகையை வைத்து பஸர் செய்கிறார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அதில் ஓர் ஓரவஞ்சனை ஒளிந்திருக்கலாம், அதைச் செய்தவருக்கே தெரியாமல். நிரல் முதலாம் அணியின் பொத்தானைப் பார்க்கும், பிறகு இரண்டாம் அணி, மூன்றாம் அணி, நான்காம் அணி, திரும்ப முதலாம் அணி. இந்தச் சுற்று சில மைக்ரோசெக்கனில் (மில்லிசெக்கனிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு) முடிந்தால் ஒரு கெடுதியும் இல்லை. ஆனால் பொத்தானின் உலோகத் தகடுகள் மூடும்போது ஓரிரு தடவை துள்ளும். அந்தத் துள்ளலைச் சமாளிக்க, எங்கிருந்தோ எடுத்த 20 மில்லிசெக்கன் காத்திருப்பு வரி ஒன்றைச் சுற்றின் முடிவில் சேர்த்துவிடுகிறார்கள். கருவி கண்ணை மூடியிருக்கும் அந்த 20 மில்லிசெக்கனுக்குள் நான்காம் அணி முன்னால் அழுத்தி, முதலாம் அணி பின்னால் அழுத்தினாலும், கண் திறந்ததும் அது முதலில் பார்ப்பது முதலாம் அணியைத்தான். பஸருக்கு அந்த வரியே தேவையில்லை. முதல் தொடுகையிலேயே மற்ற அணிகளைப் பூட்டிவிட்டால், பிறகு பொத்தான் எத்தனை தடவை துள்ளினால் என்ன? எல்லாப் பொத்தான்களையும் ஒரே கட்டளையில் சேர்த்துப் படிக்கும் வசதியும் ஆர்டுயினோவின் சில்லில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் வரிசை முறையால் வரும் சலுகை ஒழிந்துவிடும்.

அடுத்தது வயர். "அவங்க வயர் சின்னது, எங்களது நீளம்" என்பது அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. 20 மீட்டர் வயரைக் கடக்க மின்சமிக்ஞைக்கு ஒரு மைக்ரோசெக்கன்கூட வேண்டாம். ஆனால் யாருமே முறையிடாத ஒன்று இருக்கிறது: ஒலிபெருக்கி. ஒலி ஒரு செக்கனுக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும், அதாவது ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 3 மில்லிசெக்கன். மண்டபத்தின் ஒரு மூலையில் ஒரே பெட்டியை வைத்தால், அதிலிருந்து 6 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் அணிக்கு ஒவ்வோர் அசையும் பெட்டிக்குப் பக்கத்து அணியை விட 18 மில்லிசெக்கன் பிந்தித்தான் கேட்கும். ரிலே செய்யும் அநியாயத்தை விட இது பெரிது. பெட்டியை எல்லா மேசைக்கும் சம தூரத்தில் வைத்தால் சரி, செலவே இல்லை.

தாமதம் என்றதும் லயத்து வீடுகள் ஞாபகம் வருகின்றன. பீதுருதாலகால உச்சியிலுள்ள கோபுரத்திலிருந்து வரும் சமிக்ஞையை அன்டெனாவில் பிடிக்கும் வீட்டில் விடை முதலில் கேட்கும், பக்கத்து டிஷ் வீட்டில் கொஞ்சம் கழித்துத்தான். செய்மதி பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறி இறங்கவே கால் செக்கன் போய்விடும், படத்தைச் சுருக்கி விரிக்க அதற்கு மேலும் நேரம் எடுக்கும். வீட்டில் உட்கார்ந்து "நான் முந்திச் சொன்னேன்" என்று பந்தயம் கட்டுபவர்கள் ஒரே டீவியைப் பார்ப்பது நல்லது.

சரி, கருவி குறையில்லாமல் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இனி மனிதர். ஒரு சத்தம் கேட்டதும் பொத்தானை அழுத்து, வேறொன்றும் யோசிக்காதே என்று சொன்னால், இளைஞர் ஒருவருக்கு ஏறத்தாழ 150 மில்லிசெக்கன் தேவை. வெளிச்சத்தைப் பார்த்து அழுத்த இன்னும் ஒரு 30, 40 கூடும், ஏனென்றால் விழித்திரையில் நடக்கும் வேதியியல் மாற்றம் காதின் பொறிமுறையை விட மெதுவானது. ஓட்டப் போட்டியில் வெடிச் சத்தத்துக்குப் பின் 100 மில்லிசெக்கனுக்குள் கிளம்பினால் பிழையான தொடக்கம் என்பதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். மூளையிலிருந்து விரல் வரை நரம்புச் செய்தி போவதற்குச் சுமார் 20 மில்லிசெக்கன் போதும். அதற்குமேல் தெரிவு ஒன்றையும் சேர்த்தால் நேரம் நீளும் என்பதை நெதர்லாந்தின் உடலியல் ஆய்வாளர் டொன்டர்ஸ் 1868இலேயே அளந்து காட்டினார். ஒரே பிள்ளை, ஒரே நாள், அடுத்தடுத்த முயற்சிகளிலேயே 20, 30 மில்லிசெக்கன் ஏறி இறங்கும். ஆகவே இரண்டு சமமான அணிகளுக்கிடையில் 5 மில்லிசெக்கன் வித்தியாசத்தில் தோற்றுப்போன பிள்ளையிடம் "நீ மெதுவானவள்" என்று சொல்வது அநீதி. அது வெறும் தற்செயல். விரல் வேகத்துக்கு மணிக்கணக்கில் பயிற்சி கொடுப்பதும் வீண்தான்.

அப்படியானால் எப்போதும் முந்துகிற அந்த அணி எப்படி முந்துகிறது? அவர்கள் விடையைக் கண்டுபிடித்த பிறகு அழுத்துவதில்லை. விடை வரும் என்று தெரிந்ததும் அழுத்துகிறார்கள். இரண்டும் வேறு வேறு. உளவியலாளர் லின் ரீடர் 1987இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பகுதியினரை விடை சொல்லச் சொன்னார், இன்னொரு பகுதியினரை "விடை சொல்ல முடியுமா, முடியாதா" என்று மட்டும் வேகமாகச் சொல்லச் சொன்னார். இரண்டாவது வேலை முதலாவதை விட வேகமாக முடிந்தது. விடை நினைவின் அடியிலிருந்து மேலே வருவதற்கு முன்பே, அது அங்கே இருக்கிறது என்ற உணர்வு வந்துவிடுகிறது. பஸர் அளப்பது இந்த உணர்வு எழும் கணத்தைத்தான்.

அந்த உணர்வு ஏமாற்றவும் செய்யும். 1992இல் ரீடரும் ரிட்டரும் கணக்குகளை வைத்துச் சோதித்தார்கள். அடிக்கடி பார்த்த இரண்டு எண்களைப் புதிய ஒரு செய்கையோடு சேர்த்துக் கொடுத்தபோது, விடையே பார்த்திராத அந்தக் கணக்கும் தெரிந்ததாகவே பலருக்குத் தோன்றியது. கேள்வியின் துண்டுகள் பழக்கமானவை என்பதே போதும், மூளை 'தெரியும்' என்று சொல்லிவிடுகிறது. நம்மூர் உதாரணம்: "இலங்கையின் மிக உயர்ந்த மலை பீதுருதாலகால, இரண்டாவது உயர்ந்த மலை..." என்று கேள்வி போகும்போதே கை பாயும், வாயில் சிவனொளிபாத மலை வரும். சரியான விடை ஹோட்டன் சமவெளியிலுள்ள கிரிகல்பொத்த. அன்றாடம் கண்ணில் படும் மலை, பட்டியலில் முன்னால் வந்து நின்றுகொள்கிறது.

தமிழில் கேட்கப்படும் கேள்விக்கு இன்னொரு தனிக்குணம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நம் கேள்விகளில் யார், எது, எத்தனை என்பது பெரும்பாலும் கடைசியில்தான் வரும். "1867இல் ஜேம்ஸ் டெய்லர் வணிக நோக்கில் முதன்முதலாகத் தேயிலை பயிரிட்ட..." என்பது வரை கேட்டாயிற்று. அடுத்து "தோட்டம் எது?" என்று முடிந்தால் விடை லூல்கந்துர. "தோட்டம் அமைந்துள்ள மாவட்டம் எது?" என்றால் கண்டி. "நிலம் எத்தனை ஏக்கர்?" என்றால் 19. 'பயிரிட்ட' என்பதோடு அடிப்பவர் சூதாடுகிறார். 'எது' வரை காத்திருப்பவர் பிந்திவிடுவார். இலக்கணப் பாடத்தில் படித்த பெயரெச்சம் ('பயிரிட்ட' போல, ஒரு பெயர்ச்சொல்லை எதிர்பார்த்து நிற்கும் சொல்) இங்கே உதவும்: பெயரெச்சத்தை அடுத்து வரும் பெயர்ச்சொல்லின் முதல் அசையிலேயே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இன்னும் ஒன்று, நடுவரும் மனிதர்தான். விளக்கு எரிந்ததும் அவரால் உடனே நிறுத்த முடியாது, ஓரிரு அசை வாயிலிருந்து வழிந்துவிடும். தேர்ந்த அணிகள் அந்த அசைகளையும் கணக்கில் வைத்துத்தான் அழுத்துகின்றன.

சரிக்கு 10, பிழைக்குக் கழிவு 5 என்றால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம்பிக்கை இருந்தாலே அழுத்துவது சராசரியில் இலாபம். கழிவும் 10 என்றால் பாதிக்கு மேல் நம்பிக்கை வேண்டும். போட்டிக்குப் போகும் முன் பொறுப்பாசிரியர் இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

நம் பிள்ளைகளிடம் அறிவு குறைவு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். தோட்டப் பாடசாலைப் பிள்ளை பொது அறிவுப் புத்தகத்தை அட்டை கிழியும் வரை படிக்கிறது. படிக்கும் முறைதான் பஸருக்குப் பொருந்தாதது. 2006இல் உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக்கே இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை நான்கு தடவை வாசித்த மாணவர்கள் ஒரு வாரம் கழித்து அதில் 40 சதவீதத்தை நினைவுகூர்ந்தார்கள். ஒரே தடவை வாசித்துவிட்டு மூன்று தடவை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 61 சதவீதம். வாசித்த ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது மட்டும் நான்கு தடவை வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள், அதனால்தான் அந்த முறை நம்மை இவ்வளவு காலம் ஏமாற்றியிருக்கிறது. திரும்பத் திரும்ப வாசிப்பது கேள்வியின் துண்டுகளைப் பழக்கப்படுத்துகிறது. விடையை மேலே இழுத்துக் கொண்டுவரும் வேலைக்குப் பழக்கம் கிடைப்பதில்லை.

ஆகவே புத்தகத்தை மூடிவிட்டு ஒருவர் கேட்க, மற்றவர்கள் அடிக்கட்டும். பலகையில் நான்கு கோலிங் பெல் சுவிட்ச், ஒரு 12 வோல்ட் பற்றரி, நான்கு ரிலே இருந்தால் போதும். கலையகத்துக்குப் போய்த்தான் வாழ்க்கையில் முதல் பஸரைத் தொடவேண்டும் என்ற நிலை பிள்ளைக்கு வரக்கூடாது. கேள்வி வாசிப்பவர் சில நேரம் பெயரெச்சத்தோடு நிறுத்தி, "இப்ப எத்தனை விதமா முடியலாம்?" என்று கேட்கட்டும். அழுத்தியவர் ஐந்து செக்கனுக்குள் விடை சொல்லாவிட்டால் கழிவு. யார் எந்தச் சொல்லில் அழுத்தினார், சரியா பிழையா என்று ஒரு கொப்பியில் குறித்து வைத்தால், எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடத்தில் அந்த 'தெரியும்' உணர்வை நம்பலாம் என்று ஒரு தவணைக்குள் தெரிந்துவிடும்.