175 பவுண்ஸ் போனஸும் மூன்று லட்சம் பவுண்ஸ் மோட்கேஜும்

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் லண்டன் ஹரோவில் இருக்கும் என் மோட்கேஜ் (வீட்டுக் கடன்) ஆலோசனை அலுவலகத்துக்கு ஒரு தம்பி மனைவியோடு வந்தார். கதிரையில் இருக்க முன்னமே போனை என் பக்கம் நீட்டினார். கிரெடிட் ஸ்கோர் (கடன் கட்டும் ஒழுங்குக்குப் போடும் புள்ளி) காட்டும் ஆப். பச்சை வட்டம், நடுவில் பெரிய எண், கீழே 'மிகச் சிறப்பு' என்று ஒரு வரி.

"அண்ணை, இதைப் பாருங்கோ. இவ்வளவு ஸ்கோர் இருக்கு, பிறகேன் மோட்கேஜ் இல்லையெண்டு சொல்லுறாங்கள்?"

தானே நேரடியாக ஒரு வங்கியில் விண்ணப்பித்திருக்கிறார். மனிதர் யாரும் பார்க்கவில்லை, கம்ப்யூட்டரே மறுத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் என் ஞாபகம் வந்திருக்கிறது. சரி, அது போகட்டும். கடந்த பத்து மாதத்தில் எத்தனை தரம் வங்கி மாறினீர்கள் என்று கேட்டேன். தம்பி கூரையைப் பார்த்தார். மனைவி விரல் மடித்து எண்ணத் தொடங்கினார். தம்பி நாலு, மனைவி ரெண்டு. எந்த மாதம் எந்த வங்கி என்று இருவருக்கும் தெரியவில்லை. ஆனால் மாறி வருபவர்களுக்குப் புது வங்கி தரும் போனஸின் கணக்கு மட்டும் தம்பிக்கு மனப்பாடம்: மொத்தம் 1,010 பவுண்ஸ்.

இந்த மாதத்தில் இது மூன்றாவது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், பிறகு என்னை வங்கிகளின் ஆள் என்று திட்டவேண்டாம். வங்கி மாறுவது தப்பே இல்லை. நானும் இரண்டு தரம் மாறியிருக்கிறேன். 2013 செப்டம்பரில் பிரிட்டனில் 'கரண்ட் அக்கவுண்ட் ஸ்விட்ச் சேர்விஸ்' (அன்றாடக் கணக்கை ஒரு வங்கியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தரும் சேவை) வந்த பிறகு வேலை மிகச் சுலபம். ஏழு வேலைநாளில் சம்பளம், டைரக்ட் டெபிட், ஸ்டாண்டிங் ஓர்டர் (கணக்கிலிருந்து தானாகப் போகும் கொடுப்பனவுகள்) எல்லாம் புதுக் கணக்குக்குப் போய்விடும், பழைய கணக்கு மூடப்படும், தவறி அங்கே வரும் காசும் குறைந்தது மூன்று வருடத்துக்கு இங்கே திருப்பி விடப்படும். ஒரு தரம் மாறியதால் எவருடைய மோட்கேஜும் நின்றதை நான் பார்த்ததில்லை. வீடு வாங்கும் எண்ணமே இல்லாதவர், வாடகை வீட்டில் நிம்மதியாக இருப்பவர், வருடத்துக்கு ஒரு தரம் மாறி 175 பவுண்ஸ் எடுத்தால் எனக்கு என்ன? நல்லாய் எடுக்கட்டும்.

நான் கத்துவது வீடு தேடிக்கொண்டே வங்கி மாறுபவர்களைப் பார்த்துத்தான்.

அந்தப் பச்சை வட்டத்துக்கு வருகிறேன். இதை நான் வாரத்துக்கு நாலு பேருக்காவது விளங்கப்படுத்துகிறேன், ஆனாலும் அடுத்த கிழமை இன்னொருவர் போனை நீட்டுவார். அந்த எண்ணை மோட்கேஜ் தரும் வங்கி பார்ப்பதே இல்லை. திரும்பவும் சொல்கிறேன், பார்ப்பதே இல்லை. எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்று இங்கே ஆட்களின் கடன் வரலாற்றைச் சேர்த்து வைக்கும் பெரிய கிரெடிட் ஏஜென்சிகள் மூன்று. மூன்றுக்கும் வேறு வேறு அளவுகோல். உங்கள் ஆப்பில் வரும் எண் உங்களுக்குக் காட்டுவதற்காக அவர்கள் செய்து வைத்த ஒன்று. வங்கி வாங்குவது எண்ணுக்குப் பின்னால் இருக்கும் விவரத்தை: எந்தத் திகதியில் எங்கே விண்ணப்பித்தீர்கள், எந்தக் கணக்கு எப்போது திறந்தது, எப்போது மூடியது, எந்த மாதம் தவணை பிந்தியது. அந்த விவரத்தைத் தன்னுடைய சொந்த ஸ்கோர் கார்டில் போட்டுத் தானே புள்ளி போடும். அந்தக் கார்டு எப்படிப் புள்ளி போடுகிறது என்று எனக்கும் சொல்லமாட்டார்கள். ஒரு வங்கி தள்ளியதை இன்னொரு வங்கி எடுப்பதும் இதனால்தான். உங்கள் ஆப் பச்சையாக இருக்கலாம், வங்கியின் கார்டு சிவப்பாக இருக்கலாம், இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. ஆப்பில் எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காலையில் தேத்தண்ணியோடு பார்க்கும் பழக்கத்தை விட்டு, அதே ஏஜென்சிகள் இலவசமாகத் தரும் முழு ரிப்போர்ட்டை எடுத்து வரி வரியாக வாசியுங்கள். நீங்கள் மறந்துபோன பழைய விலாசம் எல்லாம் அதில் இருக்கும்.

இன்னும் சிலர், "கரண்ட் அக்கவுண்ட் கடன் இல்லையே, அது எப்பிடி கிரெடிட்டில வரும்?" என்பார்கள். ஓவர்டிராஃப்ட் (கணக்கில் இருப்பதைவிடக் கூட எடுக்கவிடும் வசதி) தரக்கூடிய எந்தக் கணக்கும் வங்கிக்குக் கடன் உறவுதான். புதுக் கணக்கு கேட்கும்போது சில வங்கிகள் உங்கள் ரிப்போர்ட்டை மேலோட்டமாகப் பார்க்கும் சொஃப்ட் சேர்ச் மட்டும் செய்யும், அது மற்ற வங்கிகளுக்குத் தெரியாது. பல வங்கிகள் முழுதாகப் பார்க்கும் ஹார்ட் சேர்ச் செய்யும். அது ஒரு வருடமாவது ரிப்போர்ட்டில் நிற்கும், பார்க்கும் எவருக்கும் தெரியும். உங்களுக்குக் கணக்குத் தந்தார்களா மறுத்தார்களா என்பது அந்தச் சேர்ச்சில் இருக்காது. 'இந்தத் திகதியில் இங்கே கேட்டார்' என்று மட்டும் இருக்கும். ஆறு மாதத்தில் அப்படி நாலு வரி கிடந்தால், போனஸ் ஆசை என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? காசு முட்டுப்பட்டு வாசல் வாசலாக ஏறி இறங்கும் ஆள் என்றுதான் எடுக்கும். அதிலும் விண்ணப்பத்தில் 'ஓவர்டிராஃப்ட் வேண்டுமா' என்ற பெட்டியைச் சும்மா டிக் பண்ணி வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஏன் ராசா?

டிபொசிட் (வீட்டு விலையில் நீங்களே முதலில் போடும் பங்கு) 40 வீதம் வைத்திருப்பவர் இதிலெல்லாம் பெரும்பாலும் தப்பிவிடுவார். 5 வீதம், 10 வீதம் வைத்து முதல் வீடு வாங்குபவருக்குத்தான் ஸ்கோர் கார்டு இறுக்கம். போனஸுக்கு அலைபவர்களும் அவர்கள்தான், டிபொசிட்டுக்குச் சேர்க்கிறோம் என்று.

மோட்கேஜ் விண்ணப்பத்தில் இன்னொரு கேள்வியும் வரும்: இந்த வங்கியில் எத்தனை வருடம், எத்தனை மாதம்? பதினாலு வருடமாகச் சம்பளம் போன கணக்கை 175 பவுண்ஸுக்காக மூடிவிட்டு, 'ஒரு மாதம்' என்று எழுதும்போது எனக்கே கை கூசுகிறது.

ஆனால் என் அனுபவத்தில் ஆட்களை உண்மையில் மாட்டவைப்பது சேர்ச் இல்லை, ஸ்டேட்மென்ட். மூன்று மாத ஸ்டேட்மென்ட் கேட்பார்கள், சில இடத்தில் ஆறு. அந்தத் தம்பியின் கதையைப் பாருங்கள். யூன் சம்பளம் ஒரு வங்கியில், யூலை இன்னொன்றில், ஓகஸ்ட் மூன்றாவதில். முதல் இரண்டும் மூடியாயிற்று. மூடிய அன்றைக்கே ஆப்பும் பூட்டியாயிற்று, உள்ளே போகமுடியாது. ஸ்டேட்மென்ட் வேண்டுமென்றால் பழைய வங்கிக்கு போன் எடுத்து, காத்திருந்து, அடையாளம் நிரூபித்து, அவர்கள் தபாலில் அனுப்பும்வரை பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். அதற்குள் வீடு விற்பவருக்குப் பொறுமை போகும். நாங்கள் பார்த்து வைத்த வட்டிவீதத்தை வங்கி ஒரு பின்னேரத்தில் எடுத்துவிடும். அதற்கு முன்னறிவித்தல் எல்லாம் பெரிதாகக் கிடையாது.

கிடைத்த ஒரு ஸ்டேட்மென்டை மேசையில் விரித்தோம். 3ஆம் திகதி 1,500 உள்ளே. 4ஆம் திகதி 1,500 வெளியே. 5ஆம் திகதி 1,500 மனைவியிடமிருந்து உள்ளே. 6ஆம் திகதி திரும்ப வெளியே. இவ்வளவு காசு கணக்குக்குள் வரவேண்டும் என்ற போனஸ் நிபந்தனைக்காக ஒரே காசு வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறது. அவருக்கு அது விளங்கும், எனக்கும் விளங்கும். கடன் கோப்பைப் பார்க்கும் அண்டர்ரைட்டருக்கு? இந்த 1,500 எங்கிருந்து வந்தது, அனுப்பியவர் யார், திருப்பிக் கொடுக்கவேண்டிய கடனா என்று ஒவ்வொரு வரிக்கும் கேள்வி வரும். கறுப்புப் பணச் சட்டம் அவர்களை அப்படிக் கேட்கவைக்கிறது, கோபிக்கவும் முடியாது. கூடவே டைரக்ட் டெபிட் கணக்குக் காட்டுவதற்காக இரண்டு தர்ம ஸ்தாபனத்துக்கு மாதம் ஒரு பவுண். (சீட்டுக் காசை டிபொசிட்டாகக் கொண்டுவருபவர்களின் கதை இதைவிடப் பெரிது. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன், இன்றைக்கு இரத்த அழுத்தம் போதும்.)

அடுத்தது கார்ட். ஸ்விட்ச் சேர்விஸ் கணக்கு இலக்கத்தில் ஓடும் கொடுப்பனவுகளைத்தான் மாற்றும். டெபிட் கார்டின் நீண்ட இலக்கத்தைக் கொடுத்து மாதாமாதம் கழியவிட்டவை மாறாது. ஜிம், படம் பார்க்கும் சந்தா போன்றவை நின்றால் நட்டமில்லை, அவர்களே மெயில் போடுவார்கள். ஒரு அக்கா சோபா செட்டைத் தவணைக்கு வாங்கி, தவணையைக் கார்டில் கட்டிவந்தார். வங்கி மாறினார், பழைய கார்ட் செத்தது. 38 பவுண்ஸ் இரண்டு மாதம் போகவில்லை. கடிதம் பழைய விலாசத்துக்குப் போயிருக்கிறது. இப்போது அவருடைய ரிப்போர்ட்டில் பிந்திய தவணை இரண்டு, ஆறு வருடத்துக்கு அழியாது. காசு இல்லாமல் தவறவிட்டதல்ல என்று நான் அண்டர்ரைட்டருக்கு ஒரு பக்கம் விளக்கம் எழுதினேன். சிலர் ஏற்பார்கள், சிலர் மாட்டார்கள்.

ஜொயின்ட் அக்கவுண்ட் திறப்பதென்றால் தயவுசெய்து ஒரு இரவு யோசியுங்கள். தமையனோடோ கூட்டாளியோடோ சேர்ந்து திறந்தால் உங்கள் இருவரின் கிரெடிட் கோப்பும் முடிச்சுப் போடப்படும். அவர் முன்னம் எங்காவது கட்டாமல் விட்டிருந்தால் அதுவும் உங்கள் வீட்டு விண்ணப்பத்தில் எட்டிப் பார்க்கும். கணக்கை மூடிய பிறகு, தொடர்பை அறுக்கச் சொல்லி ஏஜென்சிக்கு நீங்கள்தான் கேட்கவேண்டும், தானாக அறாது.

நம் ஆட்களுக்கென்றே ஒரு தனித் தொல்லையும் உண்டு: பெயர். பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முன்னுக்கு, ஒரு வங்கியில் பின்னுக்கு, இன்னொன்றில் வெறும் முதலெழுத்து. அடிக்கடி வங்கி மாறும்போது ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாகப் பதிந்து, ஒரே ஆளின் வரலாறு இரண்டு ஆளுடையது போலப் பிரிந்துவிடுகிறது. எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். வருமானமும் அப்படித்தான். ஒரு விண்ணப்பத்தில் 32,000, இன்னொன்றில் 'சும்மா' 40,000 என்று போடாதீர்கள், விண்ணப்பங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் அமைப்புகள் வங்கிகளிடம் இருக்கின்றன. வாக்காளர் பட்டியலிலும் பதியுங்கள், அதுதான் உங்கள் விலாசத்துக்குச் சாட்சி. "எனக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லையே" என்று விடவேண்டாம். இலங்கை, இந்தியப் பிரஜைகள் பொதுநலவாய நாட்டவர், விசாவோடு இங்கே வசித்தால் பதியலாம்.

போனஸின் கணக்கையும் ஒருக்கால் போட்டுப் பார்ப்போம். மூன்று லட்சம் பவுண்ஸ் கடன், 25 வருடம். 4.5 வீத வட்டியில் மாதம் சுமார் 1,668 பவுண்ஸ். அந்த வங்கி தள்ளிவிட்டு, 5 வீதத்துக்குத் தரும் இன்னொன்றிடம் போனால் சுமார் 1,754. மாதம் 86 பவுண்ஸ். இரண்டு வருட ஃபிக்ஸ் (வட்டி மாறாத காலம்) என்றால் இரண்டாயிரத்துக்கு மேல். தம்பியின் 1,010 பவுண்ஸ் முதல் வருடத்திலேயே கரைந்துவிடும்.

ஆகவே வீடு பார்க்கத் தொடங்க ஆறு மாதம் முன்னமே மாறுவதை நிறுத்துங்கள், ஒரு வருடம் என்றால் இன்னும் நல்லது. சம்பளம் போகும் ஆகப் பழைய கணக்கைத் தொடாதீர்கள். போனஸ் எடுத்தே ஆகவேண்டுமென்றால் வேறொரு சின்னக் கணக்கிலிருந்து மாறுங்கள். மூட முன்னம் குறைந்தது ஒரு வருட ஸ்டேட்மென்டை இறக்கி வையுங்கள், ஸ்கிரீன்ஷொட் அல்ல, பிடிஎஃப். பழைய கணக்கு ஓவர்டிராஃப்டில் கிடந்தால் அது தானாகப் புது வங்கிக்குப் போகாது, அடைத்துவிட்டு மாறுங்கள். கார்டில் கழியும் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி ஒவ்வொன்றாக மாற்றுங்கள். மோட்கேஜ் ஓஃபர் வந்துவிட்டது, இனி என்ன என்று கொண்டாடவும் வேண்டாம். வீட்டுத் திறப்புக் கையில் வரும்வரை வங்கி இன்னொரு தரம் ரிப்போர்ட்டைப் பார்க்கலாம். அதுவரை புதுக் கணக்கு, புதுக் கார்ட், தவணைக்கு டிவி ஒன்றும் இல்லை.

தம்பிக்கும் மனைவிக்கும் சொன்னது: பழைய இரண்டு வங்கியிலும் ஸ்டேட்மென்ட் கேளுங்கள், தை மாதம் வரை எங்கும் விண்ணப்பிக்காதீர்கள், பிறகு வாருங்கள். எழும்பிப் போகும்போது மனைவி கதவடியில் நின்று கேட்டார், "அப்ப அண்ணை, மூடின அந்தப் பழைய கணக்கைத் திருப்பித் திறந்தா எல்லாம் சரிவருமோ?"

வேண்டாம் தங்கச்சி. மூடிய கணக்கு மூடியதுதான். திரும்பப் போனால் அவர்களுக்கு அது புது விண்ணப்பம், இன்னொரு ஹார்ட் சேர்ச் விழும்.