காகிதக் கட்டின் மேல் உள்ள மரச் சின்னம்: நிறுவனங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள்

ரீம் உறையில் மரமும் டிக் குறியும் சேர்ந்த சின்னம் இருந்தால், 'காடுகளைக் காக்கும் காகிதம்தான் வாங்குகிறோம்' என்று ஆண்டறிக்கையில் எழுதிவிடலாம் என்று பல நிறுவனங்கள் நினைக்கின்றன. அந்தச் சின்னத்தை யார் போடலாம், எந்த ஆவணத்தை வைத்துப் போடலாம் என்பதற்குக் கறாரான விதிகள் உண்டு. அவை தெரியாமல் வாங்கினால் கூடுதல் விலையும் கொடுத்து, கையில் ஆதாரமும் இல்லாமல் நிற்க வேண்டியதுதான்.

எஃப்.எஸ்.சி. எனப்படும் வனப் பொறுப்பாண்மைக் குழு 1993இல் தொடங்கியது. தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில். இதே போன்ற இன்னொரு வனச் சான்று அமைப்பான பி.இ.எஃப்.சி. 1999இல் வந்தது, அது ஜெனீவாவில் இருந்து இயங்குகிறது. இரண்டுமே அரசு அமைப்புகள் அல்ல, இரண்டிலும் சேர்வது கட்டாயமும் அல்ல. ஆனால் டெண்டர்களிலும் பெரிய வாடிக்கையாளர்களின் நிபந்தனைகளிலும் இந்த இரண்டு பெயர்கள்தான் அடிக்கடி வரும். கீழே எஃப்.எஸ்.சி. விதிகளைச் சொல்கிறோம், பி.இ.எஃப்.சி.யின் அடிப்படைக் கட்டமைப்பும் ஏறத்தாழ இதே போலத்தான்.

மூன்று முத்திரைகள், மூன்று பொருள்

'100%' என்றால் இழை முழுவதும் சான்று பெற்ற காடுகளில் இருந்து வந்தது. 'ரீசைக்கிள்டு' என்றால் முழுவதும் மறுசுழற்சிப் பொருள். சந்தையில் அதிகம் கிடைப்பது மூன்றாவதான 'மிக்ஸ்'. குழப்பமும் அதில்தான் அதிகம்.

மிக்ஸ் முத்திரையைச் சதவீத முறையில் போட வேண்டுமானால் குறைந்தது 70% சான்று பெற்ற இழையோ கழிவுத்தாளோ இருக்க வேண்டும். மீதி 'கட்டுப்படுத்தப்பட்ட மரம்' ஆக இருக்கலாம். அது சான்று பெற்ற காட்டின் மரம் அல்ல. ஐந்து வகை மோசமான மூலங்களில் இருந்து வரவில்லை என்ற அளவுக்கு மட்டும் சரிபார்க்கப்பட்டது. சட்டவிரோதமாக வெட்டிய மரம், மக்களின் பாரம்பரிய உரிமைகளையோ மனித உரிமைகளையோ மீறி எடுத்த மரம், அரிய இயற்கை மதிப்புள்ள காடுகளைக் கெடுத்து எடுத்த மரம், இயற்கைக் காட்டைத் தோட்டமாகவோ வேறு நிலமாகவோ மாற்றி எடுத்த மரம், மரபணு மாற்றிய மரம் ஆகியவையே அந்த ஐந்து.

கிரெடிட் முறை என்று இன்னொன்றும் உண்டு. ஒரு மில் 100 டன் சான்று பெற்ற கூழையும் 100 டன் கட்டுப்படுத்தப்பட்ட கூழையும் கலந்து ஓட்டினால், வெளிவரும் காகிதத்தில் சான்று பெற்ற கூழுக்கு ஈடான அளவை 'மிக்ஸ் கிரெடிட்' என்று விற்கலாம். உங்கள் கையில் உள்ள தாளில் சான்று பெற்ற இழை ஒன்றுகூட இல்லாமலும் போகலாம். இது ஏமாற்று அல்ல, விதிப்படியான கணக்கு. ஆனால் 'எங்கள் காகிதம் சான்று பெற்ற காட்டில் இருந்து வருகிறது' என்று இதை வைத்து எழுதினால் அது பொய்.

ரீசைக்கிள்டு முத்திரையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. காகிதத்தைப் பொறுத்தவரை, மக்கள் பயன்படுத்திப் போட்ட கழிவு இத்தனை சதவீதம் இருந்தே ஆக வேண்டும் என்று அந்த முத்திரை கேட்பதில்லை. அச்சகத்தில் வெட்டித் தள்ளிய ஓரத்துண்டுகளும் கணக்கில் சேரும். ஐ.எஸ்.ஓ. 14021 தரநிலை இந்த இரண்டையும் தனித்தனியாகவே பிரிக்கிறது; ஒரு மில் தன் கழிவைத் தன் இயந்திரத்திலேயே திரும்பப் போடுவதை மறுசுழற்சி என்று சொல்லவே அது விடுவதில்லை. ஆகவே கொட்டேஷன் கேட்கும்போது 'பயன்பாட்டுக்குப் பிந்தைய கழிவு எத்தனை சதவீதம்?' என்று தனியாகக் கேளுங்கள். மூன்று அம்புகள் சுழலும் சின்னத்தில் சதவீதம் போடாமல் இருந்தால் அது மறுசுழற்சி செய்யத்தக்கது என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை.

சங்கிலி எங்கே அறுகிறது

காடு, கூழ் ஆலை, காகித ஆலை, மொத்த வியாபாரி, அச்சகம் என்று பொருளின் உரிமை கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் 'செயின் ஆஃப் கஸ்டடி' (சுருக்கமாக சி.ஓ.சி., கைமாறும் சங்கிலிக்கான) சான்று இருக்க வேண்டும். நடுவில் ஒருவரிடம் இல்லை என்றால் அதற்குப் பின் வரும் யாரும் அந்தக் காகிதத்தைச் சான்று பெற்றதாக விற்க முடியாது. மில்லின் சான்றிதழ் நகலை வியாபாரி எடுத்து நீட்டுவார். அது மில்லுக்கு உரியது, அவருக்கு உரியது அல்ல.

ஒரு விலக்கு உண்டு. உறையில் முத்திரை அச்சிட்டு, மூடிய கட்டாக வரும் நகல் தாளை இறுதிப் பயனாளருக்கு அப்படியே விற்கும் சில்லறைக் கடைக்குச் சான்று தேவையில்லை. அங்கே முத்திரையே ஆதாரம். அதன் கீழே உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள்: 'எஃப்.எஸ்.சி.', 'சி', அதன்பின் ஆறு இலக்கங்கள். எண் இல்லாத சின்னத்தை நம்ப வேண்டாம்.

தாளாகவோ ரோலாகவோ வாங்குகிறீர்கள், அல்லது அச்சடித்து வாங்குகிறீர்கள் என்றால் பார்க்க வேண்டியது பில். அதில் மூன்று விஷயம் இருக்க வேண்டும். பொருளின் வரியிலேயே 'எஃப்.எஸ்.சி. மிக்ஸ் 70%' அல்லது 'எஃப்.எஸ்.சி. மிக்ஸ் கிரெடிட்' என்பது போல உரிமைகோரல் எழுதியிருக்க வேண்டும். விற்பவரின் சான்று எண் இருக்க வேண்டும். அதன் நடுவில் 'சி.ஓ.சி.' என்ற எழுத்துகள் வரும். பில்லில் சான்று பெற்றதும் பெறாததும் கலந்திருந்தால் எந்த வரி எது என்று தெளிவாகப் பிரிந்திருக்க வேண்டும். பில்லின் அடியில் 'நாங்கள் எஃப்.எஸ்.சி. சான்று பெற்ற நிறுவனம்' என்று ஒரு வாசகம் மட்டும் இருந்தால், அந்தப் பில்லில் உள்ள காகிதம் சான்று பெற்றது என்று ஆகாது. தணிக்கையில் மாட்டுவது பெரும்பாலும் இந்த வாசகம்தான்.

எண்ணை எஃப்.எஸ்.சி.யின் பொதுத் தேடல் தளத்தில் போட்டுப் பாருங்கள், கட்டணம் இல்லை. சான்று ஐந்து ஆண்டுக்கு வழங்கப்படும், ஆண்டுதோறும் தணிக்கை நடக்கும், இடையில் இடைநிறுத்தவும் செய்வார்கள். செல்லுபடி நிலையோடு பொருள் வகையையும் பாருங்கள். அட்டைப்பெட்டிக்கு மட்டும் சான்று வாங்கியவர் அச்சுத் தாளை அந்தப் பெயரில் விற்க முடியாது.

அச்சிட்ட பொருளில் முத்திரை வேண்டுமானால், அச்சகத்துக்குச் சான்று இருக்க வேண்டும். முத்திரையில் வருவதும் அச்சகத்தின் எண்தான், உங்கள் எண் அல்ல. போன ஆண்டு கையேட்டின் கோப்பை டிசைனர் அப்படியே எடுத்து, இந்த ஆண்டு வேறு அச்சகத்தில் கொடுத்துவிடுவார். பழைய அச்சகத்தின் எண் புதிய அச்சில் ஏறிவிடும். அதனால் முத்திரையைப் புதிய அச்சகத்திடமே கேட்டு வாங்கி, ஒப்புதல் பெற்ற பிறகு வையுங்கள். காகிதத்தை உபயோகிக்க மட்டும் செய்யும் நிறுவனம் சான்று வாங்க வேண்டியதில்லை. தன் இணையதளத்திலோ விளம்பரத்திலோ சின்னத்தைப் போட விரும்பினால் மட்டும் விளம்பர உரிமம் தனியாக வாங்க வேண்டும்.

சட்டம் கேட்பது வேறு

முத்திரை விருப்பம், மரத்தின் மூலத்தைப் பற்றிய சட்டம் கட்டாயம். அமெரிக்காவின் லேசி சட்டம் 2008 திருத்தத்துக்குப் பின் சட்டவிரோத மரத்தில் செய்த காகிதத்தையும் தடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/1115 எண் ஒழுங்குமுறை, 2020 டிசம்பர் 31க்குப் பின் காடழித்த நிலத்தில் இருந்து வந்த மரப்பொருளை அதன் சந்தைக்குள் விடுவதில்லை; கூழும் காகிதமும் இதில் அடக்கம். மரம் வெட்டிய நிலத்தின் புவியிட விவரம் வரை கேட்கிறது. அமலாகும் தேதி இரண்டு முறை தள்ளிப்போய், பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30 என்று நிற்கிறது. எஃப்.எஸ்.சி. சான்று இருப்பதால் இந்தக் கடமை தீர்ந்துவிடாது. அபாயத்தை மதிப்பிடத் துணைச்சான்றாக மட்டும் அது பயன்படும். முழுவதும் கழிவுத்தாளில் செய்த காகிதத்துக்கு இந்தக் கடமை இல்லை.

அரசே நடத்தும் முத்திரையும் உண்டு. ஜெர்மனியின் 'நீலத் தேவதை' 1978 முதல் இருக்கிறது. அலுவலகத் தாளுக்கு அது முழுக்கக் கழிவுத்தாள் இழையைக் கேட்கிறது. குளோரின் வெளுப்பையும், தாளைப் பளிச்சென்று காட்டச் சேர்க்கும் ஒளிர்வூட்டிகளையும் விடுவதில்லை. பொதுவாக 'குளோரின் இல்லாதது' என்று எழுதியிருந்தால் எந்த வகை என்று கேளுங்கள். குளோரின் வாயு இல்லாமல் குளோரின் டை ஆக்சைடில் வெளுத்ததையும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆக்சிஜன், ஓசோன், பெராக்சைடு மட்டும் வைத்து வெளுத்தது வேறு வகை.

எடை, தரம், கோப்பு

முத்திரையைவிட வேகமாகப் பலன் தருவது எடையைக் குறைப்பது. 16 ஏ4 தாள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். எனவே 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள் ஒன்று 5 கிராம், 500 தாள் ரீம் இரண்டரை கிலோ, ஒரு டன் என்பது 400 ரீம். 70 ஜி.எஸ்.எம்.முக்கு மாறினால் அதே எண்ணிக்கைத் தாளுக்கு இழை 12.5% குறையும். பின்பக்க எழுத்து தெரிகிறதே என்ற புகார் வரும். மறுசுழற்சித் தாளுக்கு ஒளிபுகாத்தன்மை பொதுவாக அதிகம் என்பதால் அதில் 70 எடுத்தால் இந்தப் புகார் குறையும். பிரிண்டர்களை இரு பக்க அச்சுக்கு முன்கூட்டியே மாற்றி வைப்பது இதையும் மிஞ்சும்.

தாள் மாட்டிக்கொண்டால் உடனே பழி மறுசுழற்சியின் மேல் விழும். பாதி நேரம் குற்றவாளி ஈரப்பதம்தான். உறை பிரித்த ரீம் காற்றின் ஈரத்தை இழுக்கும். முதல் பக்கம் அச்சாகும்போது சூட்டில் ஈரம் வெளியேறித் தாள் சுருளும். இரண்டாம் பக்கத்துக்குத் திரும்பும்போது மாட்டும். கட்டைப் பிரிக்காமல் ஒரு நாள் பிரிண்டர் இருக்கும் அறையில் வைத்து, தேவைக்கு மட்டும் பிரியுங்கள். புதிய வகையை மொத்தமாக வாங்குவதற்கு முன், நகல் தாளுக்கான இ.என். 12281 என்ற ஐரோப்பியத் தரநிலைக்கு அது பொருந்துகிறதா என்று விவரத்தாளில் பாருங்கள்.

நிரந்தரமாக வைக்க வேண்டிய பத்திரங்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அவற்றுக்கு ஐ.எஸ்.ஓ. 9706 தாள் வேண்டும். அது அமிலத்தை முறிக்கும் காரச் சேமிப்பையும் கிழிபடாத வலிமையையும் கேட்கிறது, தாளை நாளடைவில் மஞ்சளாக்கும் லிக்னின் என்ற மரப்பொருளின் மிச்சத்தைக் கட்டுப்படுத்துகிறது. செய்தித்தாள் கழிவு கலந்த தாள் அதில் தேறாது.

பர்ச்சேஸ் ஆர்டரில் 'எஃப்.எஸ்.சி. அல்லது அதற்கு இணையானது' என்று எழுதாதீர்கள். எது இணை என்று தீர்மானிக்கும் வேலை வியாபாரியிடம் போய்விடும். உரிமைகோரலின் சரியான வாசகம், பயன்பாட்டுக்குப் பிந்தைய சதவீதம், ஜி.எஸ்.எம். மூன்றையும் எழுதி, 'உரிமைகோரல் இல்லாத பில் ஏற்கப்படாது, மாற்றுச் சரக்குக்கு முன் அனுமதி தேவை' என்றும் சேர்த்துவிடுங்கள். சரக்குத் தட்டுப்பாடு வரும்போதெல்லாம் சான்று இல்லாத கட்டு அதே விலையில் வந்து இறங்குவது வழக்கம்.

கழிவுத்தாள் பெட்டியில் தெர்மல் ரசீது, மெழுகோ பிளாஸ்டிக்கோ பூசிய தாள், பசை ஸ்டிக்கர் விழ விடாதீர்கள். பசை கூழில் உருகி, மில்லின் சல்லடையிலும் புதுத் தாளிலும் ஒட்டும். ரகசிய ஆவணங்களை மட்டும் துண்டாக்குங்கள், அதுவும் தேவையான அளவுக்கு. துண்டு எவ்வளவு சிறிதோ இழை அவ்வளவு குட்டையாகும். அந்தக் கழிவுக்கு மில் கொடுக்கும் தரமும் விலையும் இறங்கும்.